வாசகர் கேள்வி–பதில்: படகோனியாவில் காற்றைப் பார்த்துக் கதவைத் திற

கே: டிசம்பரில் படகோனியா போகிறோம். அங்கே அப்போது கோடைதானே, கனமான கோட்டு எதற்கு? – வாசகி, திருப்பூர்

ப: படகோனியா தென் அமெரிக்காவின் தென்கோடி; சிலியும் அர்ஜென்டினாவும் பங்குபோட்டுக்கொண்ட நிலம். அங்கே டிசம்பர் கோடைதான். ஆனால் காற்று ஆளைத் தள்ளுவதும் அந்த மாதங்களில்தான். தெற்கு அட்சரேகை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மேற்குக் காற்றை மறிக்க பசிபிக்கில் நிலம் என்று அநேகமாக எதுவுமில்லை. நேரே வந்து ஆண்டிஸ் மலைத்தொடரில் மோதி, ஈரத்தையெல்லாம் சிலி பக்கம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக அர்ஜென்டினாவில் இறங்கும். அதனால்தான் மலைக்கு மேற்கே மழைக்காடு, கிழக்கே முட்புதர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால்கூட உள்ளூர்க்காரர்கள் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

கனமான ஒரே கோட்டு உதவாது. சீக்கிரம் காயும் செயற்கை இழை பனியன், அதன்மேல் ஃபிளீஸ் என்ற கம்பளிபோன்ற செயற்கைத் துணிச் சட்டை, வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் என்று மூன்றடுக்கு போதும். ஏறும்போது கழற்றலாம், நின்றால் மாட்டலாம். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் அங்கிருந்துதான் பிடிக்கும். குடை எடுத்துப்போனால் கம்பிதான் மிஞ்சும்.

கே: வாடகைக் கார் எடுக்கலாமா? – வாசகர், ஈரோடு

ப: எடுக்கலாம், ஆனால் கதவு ஜாக்கிரதை! காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் மடங்கிவிடும், கீல் வளைந்துபோகும். இந்தச் சேதத்தைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. காரின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது காற்று கதவை மூடத்தான் பார்க்கும். ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும், ஒரு கை எப்போதும் கதவில்.

பங்க்குகள் வெகு தொலைவில் ஒன்று என்பதால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். அர்ஜென்டினாவின் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் ட்ரெஸ் லாகோஸ் என்ற சிற்றூருக்கு வடக்கே எழுபது கி.மீ.க்குச் சற்று மேல் சரளைச்சாலையாகவே கிடந்த பகுதி பேர்போனது. மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லை தாண்டுவதாக இருந்தால் வாடகை நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

கே: பெரிட்டோ மொரேனோ பனியாறு எந்தத் தேதியில் உடையும்? – வாசகர், தஞ்சாவூர்

ப: தேதியெல்லாம் கிடையாது. அர்ஜென்டினாவில் உள்ள இந்தப் பனியாறு எதிர்க்கரையைத் தொட்டு ஏரியின் ஒரு கிளையை அடைத்துவிடும். அடைபட்ட நீர் உயர்ந்து, பனிக்கடியில் குடைந்து, கடைசியில் மேலே நிற்கும் வளைவு சரியும். 2004, 2012, 2016, 2018 ஆண்டுகளில் அப்படி நடந்தது. அண்மைக் காலமாகப் பனியாறு பின்வாங்கி வருவதால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

சின்னத் துண்டுகள் விழுவதை அடிக்கடி பார்க்கலாம். எல் கலஃபாடே ஊரிலிருந்து பனியாறு 80 கி.மீ.தான். ஐந்து கி.மீ. அகலச் சுவரையும் மாறிமாறிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. சத்தம் கேட்டுத் திரும்பும்போது அலைதான் மிச்சம். விரிசல் விட்ட ஒரு மூலையைத் தேர்ந்து அங்கேயே கண் வையுங்கள்.

கே: டோரஸ் டெல் பைனேயில் இஷ்டப்பட்ட இடத்தில் கூடாரம் போடலாமா? – வாசகி, மதுரை

ப: கூடாது. சிலியின் அந்தத் தேசியப் பூங்காவில் முன்பதிவு செய்த முகாம்களில் மட்டும்தான். 2005-இல் ஒரு பயணியின் அடுப்பு கவிழ்ந்து 15,000 ஹெக்டேர் அளவுக்கு எரிந்த பூங்கா அது. 'டபிள்யூ' (W) என்ற நடைபாதை சுமார் 80 கி.மீ., நான்கைந்து நாள். ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் 'கோபுரங்கள்' எனப்படும் பாறைச் சிகரங்களின் அடிவாரம் போய்வாருங்கள்: சுமார் 20 கி.மீ., எட்டு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் உருளும் பாறைமேல் ஏற்றம். முழங்காலுக்குப் பயந்தால் கைத்தடி இரண்டு.

கே: பருப்புப்பொடி, ஊறுகாய்? – வாசகி, சேலம்

ப: சிலி எல்லையில் பழம், காய், விதை, தேன், இறைச்சி எல்லாவற்றிலும் கெடுபிடி. படிவத்தில் சந்தேகம் வந்தால் 'உண்டு' என்றே குறியிடுங்கள். அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம். பெரும்பாலும் மாட்டுவது ஊறுகாய் அல்ல, பஸ்ஸில் தின்ன வாங்கிப் பையின் அடியில் மறந்துபோன ஆப்பிள்.