ஒலியை முந்தும் போர் விமானங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

2020 மே 20 மதியம் பெங்களூரில் கேட்ட பெருஞ்சத்தத்தைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: நான் அன்று ஒயிட்ஃபீல்டில் இருந்தேன் சார். ஜன்னலெல்லாம் அதிர்ந்தது, நிலநடுக்கம் என்று வெளியே ஓடிவந்தோம். விமானம்தான் என்று எப்படித் தெரிந்தது?

நிலநடுக்கக் கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை. மாலையில் பாதுகாப்புத் துறையே விளக்கம் தந்தது. விமானப்படையின் சோதனைப் பிரிவு விமானம் ஒன்று நகருக்கு வெகு வெளியே ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்தது. 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்தபோது எழுந்த சத்தமாக இருக்கலாம் என்றார்கள். 65, 80 கிலோமீட்டர் தள்ளிப் பறந்தாலும் இது கேட்கும்.

கேள்வி: ஒலித்தடையை உடைக்கிற அந்த ஒரு நொடியில்தானே அண்ணா வெடிச்சத்தம் வரும்?

இல்லை தம்பி. ஒலித்தடையை உடைப்பது என்றால் ஒலியின் வேகத்தை முந்துவதுதான். ‘உடைக்கிறது’ என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. ஏரியில் விசைப்படகு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் அலை விரிந்துகொண்டே வரும். படகு தாண்டிப் போன பிறகுதான் கரையில் நிற்பவரின் காலில் அது மோதும். இன்னும் அரை மைல் தள்ளி நிற்பவருக்குக் கொஞ்ச நேரம் கழித்து அதே அலை. இருவருமே ‘இப்போதுதான் வந்தது’ என்பார்கள். விமானமும் அப்படித்தான். ஒலியைவிட வேகமாகப் போகும் வரை அழுத்த அலையைக் கூம்பு போலப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கூம்பு தரையில் எந்த ஊரைத் தொடுகிறதோ அந்த ஊரில் ‘டமார்’. வழி நெடுக எல்லா ஊரிலும் ஒவ்வொரு முறை.

சத்தம் வந்ததும் அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரியாததற்கும் இதுவே காரணம். 11 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் போனால், தலைக்கு மேலே கடந்து இன்னும் 12 கிலோமீட்டர் போன பிறகுதான் சத்தம் நம் காதுக்கு வரும்.

கேள்வி: விமானிக்குக் காது வலிக்காதா?

அவருக்கு அது கேட்கவே கேட்காது. அலை அவருக்குப் பின்னால்தானே விரிகிறது! 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் முதன்முதலாக ஒலியை முந்தினார், மாக் 1.06, அதாவது ஒலியைப் போல 1.06 மடங்கு வேகம். இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்திருந்தது. கதவைச் சாத்தக் கை ஓங்காததால் விளக்குமாற்றுக் கம்பின் துண்டை நெம்புகோலாக வைத்துச் சாத்தினார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

கேள்வி: படங்களில் விமானத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கூம்பு?

அது நீராவி குளிர்ந்து உண்டாகும் மேகம். ஈரக்காற்றில் ஒலியின் வேகத்தை எட்டுவதற்கு முன்பே வந்துவிடும்.

கேள்வி: தினமும் இப்படிப் பறந்தால் மக்கள் தாங்குவார்களா?

அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். 1964இல் ஓக்லஹோமா சிட்டி மேல் ஆறு மாதத்தில் 1,253 முறை. கால்வாசிப் பேருக்கு மேல் ‘எங்களால் முடியாது’ என்றார்கள், புகார்கள் குவிந்தன. குடியிருப்பவர்களைப் பற்றி இன்னும் முன்னதாகவே யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1973இல் அங்கே நிலத்தின் மேல் பயணிகள் விமானம் ஒலியை மிஞ்சுவதற்கே தடை வந்தது.

கேள்வி: குண்டு வெடிப்பா, விமானமா என்று எப்படிப் பிரித்தறிவது? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து ஓர் அலை, வாலிலிருந்து ஓர் அலை வருவதால் பல சமயம் ‘டம்-டம்’ என்று இரட்டையாக ஒட்டிக் கேட்கும். புகை இருக்காது. பல ஊர்க்காரர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்டிருப்பார்கள். பக்கத்து ஊர் உறவினருக்கு ஒரு போன் போட்டாலே பாதி பயம் போய்விடும்.