ஒரே வீட்டில்தான் வளர்ந்தோம், தம்பி மட்டும் ஏன் இப்படி?

வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். ஆலைப் பணம் கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் சாப்பாடு. நான் கல்லூரியில் இருந்தபோது அப்பா படுத்த படுக்கையாகி, இறந்துவிட்டார். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி, விடுதி என்று பி.காம். முடித்து, இப்போது சென்னையில் கணக்காளராக இருக்கிறேன். தம்பிக்கு 22 வயது. பத்தாவதோடு நின்றுவிட்டான். எந்த வேலையிலும் தங்குவதில்லை. அவன் வாங்கும் கடனையெல்லாம் நான்தான் அடைக்கிறேன். ‘நானும் அதே வறுமையில் இருந்துதானே வந்தேன்?’ என்று கேட்டால் பேசாமல் எழுந்து போய்விடுகிறான். என் கணவர், ‘உங்க அம்மா வளர்த்த லட்சணம்’ என்கிறார். அம்மா அழுகிறார். தப்பு அவனுடையதா, வளர்ப்பா?

– பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மேலே வந்தது உங்கள் உழைப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘அதே வறுமை’ என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் பத்தாவது படித்தபோது அப்பா நடமாடிக்கொண்டிருந்தார். தம்பி எட்டாவது, ஒன்பதாவது படித்தபோது அப்பா படுக்கையில், அம்மா வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைச்சலில், நீங்கள் விடுதியில். ‘ஸ்கூலுக்குப் போனியா, சாப்பிட்டியா’ என்று கேட்க வீட்டில் ஆளே இல்லை.

உங்கள் பகுதியிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு, அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. கையில் காசில்லாமல் தவித்த அறுவடைக்கு முந்தைய நாட்களில் தடுமாறியவர்களே, பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். பணக்கவலை அந்த அளவுக்கு மனதை அடைத்துக்கொள்கிறது. அந்த வருடங்களில் உங்கள் அம்மாவுக்குத் தம்பியின் வீட்டுப்பாடம் கண்ணில் படாமல் போனது அன்பு குறைந்ததால் அல்ல. இதை உங்கள் கணவரிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும், அம்மா காதுபடவே.

சரி, அதற்காகத் தம்பியை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. 14 வயதில் நடந்ததற்கு அவன் பொறுப்பில்லை. 22 வயதில் வாங்கும் கடனுக்கு அவன்தான் பொறுப்பு. நீங்கள் அடைக்க அடைக்க, கடனின் சூடு அவன்மேல் படவே இல்லை. இனி அடைக்க மாட்டேன் என்று கோபமில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள்.

அப்புறம், அப்பா படுத்திருந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று அவனிடம் கேளுங்கள். நடுவில் உங்கள் கதையைக் கொண்டுவராதீர்கள். ‘என்னைப் பார்’ என்ற பேச்சே அவனுக்கு வேண்டாம்.

படிப்புக்கு வழி அடைபட்டுவிடவில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயதுவரை சேரலாம். எட்டாவது தேறியவர்களுக்கே வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். விண்ணப்பத்தை அவனே போடட்டும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும்.

குடியோ, தூக்கமின்மையோ, யாரிடமும் பேசாமல் முடங்கிக் கிடப்பதோ இருந்தால், முதலில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஐ.டி.ஐ.யை அடுத்த வருடம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.