குற்றாலத் தடுமனும் மூன்று வார இருமலும்

கேள்வி: ஆனிச் சாரலில் குடும்பத்தோடு குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். இரண்டாம் நாளே எனக்கும் எட்டு வயது மகனுக்கும் தடுமனும் காய்ச்சலும். அவன் ஐந்தாறு நாளில் தேறிவிட்டான். எனக்குக் கோழை பச்சையாக வந்ததால் மருந்துக் கடையில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் வறட்டு இருமல் நிற்கவில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? அதற்கென்று விற்கும் பவுடர் குடிக்கலாமா? அத்தை, அருவித் தண்ணீர்தான் காரணம் என்கிறார். நான் பீடி சுற்றுகிறேன்.
– வாசகி, முக்கூடல்

பதில்: குறைந்ததாகத் தெரியவில்லை அம்மா. காய்ச்சல், உடம்பு உளைச்சல், பச்சைக் கோழை எல்லாமே எதிர்ப்பு சக்தி வேலை செய்த அடையாளம்தான். வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்து செல்களை உஷார்ப்படுத்தும். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் வெள்ளணுக்கள் வந்து குவியும். அவற்றில் ஒரு வகைக்குள் பச்சை நிற நொதி இருக்கிறது. கோழைக்கு அந்த நிறம் வருவது அதனால்தான். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் போடக் கூடாது. அது வைரஸை ஒன்றும் செய்யாது.

புது வைரஸுக்கென்றே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாக ஒரு வாரமாவது ஆகும். அந்த வைரஸை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் தடுமன் தரும் ரைனோ வைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகையின் நினைவு அடுத்த வகையைத் தடுத்துவிடாது. அதனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி பிடித்தாலும் பயப்படாதீர்கள். பவுடர் வேண்டாம், அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்குங்கள்.

வைரஸ் வந்தது அருவியிலிருந்து அல்ல, பக்கத்தில் இருமிய யாரிடமிருந்தோ. வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்தாலே போதும். ஆனாலும் அத்தை சொல்வதை முழுக்கத் தள்ள முடியாது. 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் சுவாசப்பாதை செல்களை வைத்துப் பார்த்தார்கள். உடம்புச் சூடான 37 டிகிரி செல்சியஸைவிட 33 டிகிரியில் இன்டர்ஃபெரான் மந்தமாகி, ரைனோ வைரஸ் நன்றாகப் பெருகியது. குளிர்ந்த மூக்கு அதற்கு வசதிதான்.

இனி இருமல். வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உள்தோல் ஆறவில்லை. நரம்புகள் லேசான தூசிக்கே சிலிர்த்துக்கொள்கின்றன. எட்டு வாரம் வரைகூட இப்படி இழுக்கலாம். என்னிடம் வரும் பீடி சுற்றும் பெண்களிடம் முதலில் கேட்பது, தூளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான். மடியில் சுளகை வைத்துக் குனிந்தால் மூக்குக்கும் புகையிலைத் தூளுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. இருமல் அடங்கும்வரை வேலையை நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் திண்ணையில் காற்றோட்டமாக உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். படுக்கிற அறையில் தூள் மூட்டை இருக்கவே கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தானாகச் சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்ச் சோதனை அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே போங்கள். மூச்சு வாங்கினாலோ, கோழையில் ரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். கடையில் வாங்கிய மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்து, சோதனையில் பிடிபடாமல் செய்துவிடும்.