தண்ணித் தொட்டியும் பள்ளத்து ஊற்றும்

கேள்வி: கோடைக்குக் கோடை காட்டுக்குள் தொட்டி கட்டி லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அப்படியும் யானை எங்கள் வாழைத் தோட்டத்துக்கே வருகிறது. ருசி கண்டுவிட்டதுதானே காரணம்?
– ஒரு வாசகர், கோட்டத்தறை, அட்டப்பாடி

பதில்: குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் போனால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக எல்லாவற்றையும் ‘ருசி’ என்று முடித்துவிடாதீர்கள். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதைத் தொட்டியில் ஊற்றிவிடலாம். கிட்டத்தட்ட அதே அளவு கிலோ தீவனமும் வேண்டுமே, அதை எந்த லாரியில் கொண்டுபோய்க் கொட்டுவது? வறட்சியில் காட்டு விலங்கு தாகத்தால் மட்டுமா சாகிறது? பசிதான் பெரிய எமன். மழை பொய்த்தால் முதலில் கருகுவது புல். அது போன இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. அதில் யானை வாய் வைப்பதில்லை. தாய்க்குப் பால் வற்றும், கன்று நடக்கமுடியாமல் பின்தங்கும். 2016-ல் இரண்டு பருவமழையும் ஏமாற்றி, கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் பக்கத்தில் ஓடும் ஆறான கொடுங்கரைப் பள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளம் வற்றினால் யானை முன்னங்காலால் மணலைத் தள்ளித் தள்ளிக் குழி பறிக்கும். முதலில் ஊறும் சேற்று நீரை உறிஞ்சி வெளியே விசிறிவிட்டு, தெளிந்தது ஊறும்வரை நிற்கும். அது குடித்துவிட்டுப் போன குழியில்தான் மானும் பன்றியும் மயிலும் குடிக்கும். எந்தத் தொட்டியும் இந்த ஊற்றுக்கு ஈடாகாது. ஆனால் மணலை அள்ளி, கரையோரம் ஆழ்துளைக் கிணறு மேல் கிணறாகப் போட்டால் ஊற்று எங்கிருந்து வரும்?

ஊற்று இருந்தாலும் அங்கே போக வழி வேண்டும். ஆனைகட்டிக்குக் கீழே, கோவைப் பக்கத்துத் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. அவற்றுக்காகச் செம்மண் எடுத்த குழிகள் யானை போகும் வழியில் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. பாலக்காடு – கோவை வழியில், வாளையார் – மதுக்கரை காட்டுக்குள் ரயில்பாதை இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. அதே 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்தன. அது மழைக்காலம். கோடையில் தண்ணீருக்கும் தீவனத்துக்குமாக அலையும் கூட்டம் அந்தத் தண்டவாளத்தை எத்தனை தடவை கடக்க வேண்டியிருக்கும்!

அடுத்த கிராம சபையில் இன்னொரு தொட்டி கேட்காதீர்கள். பள்ளத்துக்கு இறங்கும் யானைத் தடத்தை மறித்த வேலிகளை எடுக்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் வேலியும் ஒன்று என்றால், கூட்டத்துக்குப் போகும் முன்பே அதைப் பிடுங்கிவிடுங்கள்.