ஏற்காட்டில் நட்சத்திரம் பார்க்க எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

சேலத்தில் வசிக்கும் நீங்கள், ஏற்காட்டுக்குப் போய் வானம் பார்க்க எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை ஏற்கெனவே தேர்ந்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அப்படித்தான் கேட்டேன், பிறகு எல்லோர் சொல்லையும் மீறி வாங்கினேன்.

பெட்டியின்மேல் '675 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். முகப்பு லென்ஸின் விட்டமோ 70 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே ஏறத்தாழ எல்லை என்பதால், 140 மடங்குக்கு மேல் அது காட்டுவதெல்லாம் பெரிதாக்கிய மங்கல்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தை அமாவாசைக்கு மறுநாள், மைத்துனர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, லேடீஸ் சீட் அருகே சாலையோரம் அதை நிறுத்தினேன். யாராவது பக்கத்தில் நடந்தாலே முக்காலி அதிர்ந்தது. வியாழன் ஒரு கணம் உள்ளே வந்து, தவளைபோல் தாவி வெளியேறியது. மைத்துனர் நிமிர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்து, "இது இல்லாமலே சேலம் நல்லாத் தெரியுது மாப்ள" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. லேடீஸ் சீட்டை நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், காட்சிக்கு அது அருமையான இடம்; ஆனால் நகரத்து வெளிச்சம், நமக்கு வாய்த்த தெற்கு அடிவானத்தை அங்கே விழுங்கிவிடுகிறது. மாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில், இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு நேர் கீழே, 25 பாகை உயரத்தில் அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) நிற்கும். லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கும் இந்தத் தெற்கு வானம் ஒரு காரணம்.

ஆகவே மலையே சேலத்தை மறைக்கும்படி, வடபுறத் தோட்டச் சாலைகளுக்குப் போங்கள். நான் அடுத்த மாதம் ஒரு 10x50 (பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலரோடு அப்படிப் போனேன். பாயில் படுத்தபடி பார்த்தபோது, வெறுங்கண்ணுக்கு ஆறு நட்சத்திரங்களாகத் தெரிந்த கார்த்திகை, கண்ணாடித்தூளைக் கொட்டியதுபோல் பெருகியது. பனி லென்ஸில் படியும், துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து விடுதிக்காரர்கள் 'நட்சத்திர இரவு' என்று பலகை வைத்துவிட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கெல்லாம் பச்சை விளக்குப் போட்டிருந்ததை என்னவென்று சொல்வது!

சித்திரை அமாவாசையில், இரவு பதினொரு மணிக்குத் தெற்கே 30 பாகை உயரத்தில் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைத் தேடுங்கள். பைனாகுலரில் அது பஞ்சுப் பொட்டாகத்தான் தெரியும். அதைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தொலைநோக்கி வாங்குங்கள், விட்டம் 6 அங்குலத்துக்குக் குறையாமல்.