விட்டுக்கொடுத்தலும் சட்டமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரி மாணவி. கலிபோர்னியாவின் ஃபிரான் பேவ்லி பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து, ஆகூரா ஹில்ஸ் என்ற சிற்றூரின் முதல் மேயராகி, 2000-ல் சட்டமன்றத்துக்கு வந்தவர். கார்ப்புகைச் சட்டம், பசுமைக்குடில் வாயுச் சட்டம் என்று படிக்கப் படிக்க மலைப்பாக இருந்தது. ஆனால் 2013-ல், எண்ணெய்க்காகப் பாறையைப் பிளக்கும் முறைக்கு அவர் தடை கொண்டுவரவில்லை. அனுமதி வாங்கிச் செய்யலாம் என்றுதான் சட்டம் கொண்டுவந்தார். கடைசி நேரத் திருத்தங்களால் சூழலியல் அமைப்புகளே ஆதரவை விலக்கிக்கொண்டன. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பார்த்தால் எல்லா மசோதாவிலும் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறார். பெண்களுக்கு இயற்கைமேல் இயல்பாக உள்ள பரிவு அதிகாரத்தில் தேய்ந்துவிடுமா? நான் தேர்தல் அரசியலுக்குப் போகலாமா, களப்போராட்டம் போதுமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கொஞ்ச நாளாக நிலத்தடி நீர்ச் சட்டங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பேவ்லியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

பெண், பரிவு, இயற்கை என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவர், கடற்கரை ஆணையத்தில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர். அந்த உழைப்பையெல்லாம் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அவர் செய்ததற்கு என்ன மதிப்பு?

என்னைக் கோபப்படுத்தியது இன்னொரு வரி. ‘எல்லா மசோதாவிலும் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறார்.’ எதை? சட்டம் படிக்கிற பெண் நீங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு உட்பிரிவுகூட இல்லை. செய்தியைப் படித்திருக்கிறீர்கள், சட்டத்தைப் படிக்கவில்லை.

2002-ல் நடந்ததைப் பாருங்கள். கார்கள் விடும் பசுமைக்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்த அவர் கொண்டுவந்த மசோதாவின் எண் 1058. வானொலியில் எதிர்ப்பு கொளுத்திப்போடப்பட்டது. பெரிய வண்டிகளைப் பிடுங்கிவிடுவார்கள், ஓட்டுகிற மைலுக்கெல்லாம் வரி போடுவார்கள் என்று. பேவ்லி தரப்பு என்ன செய்தது? அந்த உள்ளடக்கத்தை 1493 என்ற வேறொரு மசோதாவுக்கு மாற்றியது. அதிலேயே தடைகளையும் எழுதிச் சேர்த்தது. காற்றுவள வாரியம் புதிய வரி போடக் கூடாது, எந்த வகை வண்டியையும் தடை செய்யக் கூடாது, எடையைக் குறைக்கச் சொல்லக் கூடாது, வேக வரம்பைக் குறைக்கக் கூடாது, இவ்வளவு மைல்தான் ஓட்டலாம் என்று சொல்லக் கூடாது. இதைத்தானே விட்டுக்கொடுத்தல் என்கிறீர்கள்? சரி, மிச்சம் என்ன இருந்தது என்று பாருங்கள். தொழில்நுட்பமும் செலவும் இடம் கொடுக்கும் அளவுக்கு அதிகபட்சமாகப் புகையைக் குறைக்கும் விதிகளை வாரியம் இயற்றியே ஆக வேண்டும், 2009 மாடல் கார்களிலிருந்து அது நடைமுறைக்கு வர வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதில் கைவைக்க விடவில்லை. எதிரிகள் எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அதை மட்டும் எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். மசோதா மயிரிழையில்தான் தேறியது.

அப்புறம் கார் கம்பெனிகள் வழக்கு போட்டன. கார்ப்புகைக்கு மாநிலம் தனி விதி வைக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2007 டிசம்பரில் வாஷிங்டன் அதை மறுத்தது, 2009 ஜூனில் கொடுத்தது. 2012 மாடல் முதல் நாடு முழுவதற்குமான விதி கிட்டத்தட்ட அந்தச் சட்டத்தின் அடியொற்றியே வந்தது. ஒரு மாநில அவையின் புது உறுப்பினர் எழுதியது! 2019-ல் அந்த மாநில அதிகாரத்தைப் பிடுங்கினார்கள், 2022-ல் திரும்பக் கொடுத்தார்கள். இழுபறி ஓயவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வாதாட ஒரு சட்டம் இருந்தது.

2006-ன் ஏபி 32, அதாவது நீங்கள் சொன்ன பசுமைக்குடில் வாயுச் சட்டம் பற்றி நீங்களே எழுதியிருப்பீர்கள். மாநிலம் வெளியிடும் வாயு 2020-க்குள் 1990-ன் அளவுக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள், 2016-லேயே அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டார்கள். நான் பேச விரும்புவது தண்ணீரைப் பற்றி.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் இறங்கு படி வைத்த கிணறு இருந்தது. அக்கம்பக்கத்தில் போர் போடப் போட அது வற்றியது. அப்பாவும் போர் வண்டியைக் கூப்பிட்டார். ஒவ்வொரு ராடாக இறங்க இறங்க வெறும் வெள்ளைப் புழுதி வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் வரவில்லை. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். யாரையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் சட்டத்தை மீறவில்லை. மீறுவதற்குச் சட்டமே இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது.

கலிபோர்னியாவும் அப்படித்தான் இருந்தது. ஆற்று நீருக்கு 1914 முதல் உரிமம் வேண்டும், ஆனால் பூமிக்கடியில் இருப்பதை நிலக்காரர் இறைத்துக்கொள்ளலாம். பண்ணைகள் நிறைந்த சான் வாகீன் பள்ளத்தாக்கில், இறைத்து இறைத்தே 1977-க்குள் ஒரு இடத்தில் நிலம் சுமார் 9 மீட்டர் இறங்கியிருந்தது. 2014 வறட்சியில் அதே பள்ளத்தாக்கின் கிழக்கு போர்ட்டர்வில்லில் ஏழைகளின் வீட்டுக் கிணறுகள் நூற்றுக்கணக்கில் வற்றின. பண்ணைகளின் எதிர்ப்பு பலமாக இருந்த அந்த ஆண்டில்தான் பேவ்லியும் கீழவை உறுப்பினர் ரோஜர் டிக்கின்சனும் நிலத்தடி நீருக்கான மூன்று மசோதாக்களை ஒன்றாக நிறைவேற்ற வைத்தார்கள்.

அதிலும் விட்டுக்கொடுத்தார். மாநிலம் நேராகக் கைவைக்காது, உள்ளூர் அமைப்புகளே திட்டம் போடலாம். இருபது ஆண்டு அவகாசம். நீண்ட காலம்தான், எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் 2017-க்குள் உள்ளூர் அமைப்பு, மோசமான நிலத்தடி நீர்ப் படுகைகளுக்கு 2020-க்குள் திட்டம், 2040-க்குள் நீர் மேலும் வற்றாத நிலைத்த நிலை என்று ஆண்டு போட்டு எழுதியிருக்கிறது. தவறினால்? மாநில நீர் வாரியம் அந்தப் படுகையைத் தன் கண்காணிப்பில் வைக்கலாம், இறைப்பவர்கள் கணக்குக் கொடுத்துக் கட்டணமும் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் துலாரே ஏரிப் படுகையை வாரியம் அப்படி வைத்தது. பண்ணையாளர்கள் வழக்குக்குப் போனார்கள். பல்லில்லாத சட்டத்துக்கு எதிராக யாராவது வழக்கு போடுவார்களா?

யார், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன. கே., சட்டத்தில் நான் முதலில் தேடுவது இந்த மூன்றைத்தான். இவை மூன்றும் இருந்தால் பேரத்தில் எவ்வளவு போனாலும் சட்டம் பிழைத்துக்கொள்ளும். இவை இல்லாவிட்டால், முகவுரையில் பூமித்தாயை எவ்வளவு புகழ்ந்தாலும் பயனில்லை.

2013 சட்டத்தையும் இதே கண்ணோடு படியுங்கள். அக்கம்பக்கத்தவருக்கு முன்கூட்டியே தகவல், ரசாயனங்களின் பட்டியல், நிலத்தடி நீர்க் கண்காணிப்பு, சுதந்திரமான அறிவியல் ஆய்வு எல்லாம் அதில் இருக்கின்றன. தடை இல்லை. அது குறைதான், ஆதரவை விலக்கிக்கொண்டவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் குறைக்காக அவரை எடுத்தெறிந்து பேசும் உரிமை, பட்டியல் வெளியிட வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் உண்டு.

தேர்தலா, களமா என்று கேட்டீர்கள். உங்கள் வயதில் அதை முடிவு செய்ய வேண்டிய அவசரம் இல்லை. எங்கே போனாலும் யாராவது ஒருவர் இரவில் உட்கார்ந்து வரைவைப் படித்தாக வேண்டும், அந்த ஒருவராக இருங்கள். பேவ்லிக்கு அவையில் கிடைத்ததே மொத்தம் பதினான்கு ஆண்டுகள். பதவிக்கால வரம்பால் 2006-ல் கீழவையை விட்டார், 2008-ல் மேலவைக்குத் திரும்பினார். 2016-ல், 2030-க்கான 40 சதவீதக் குறைப்புச் சட்டத்துக்கு ஆளுநரின் கையொப்பம் வாங்கிவிட்டு அந்த ஆண்டே வெளியேறினார்.

1058, 1493 இரண்டின் பிரதியும் கலிபோர்னியா சட்டமன்றத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது போனது, எது நின்றது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அதன்பிறகும் அவர் தோற்றுப்போனார் என்றே தோன்றினால், எந்த வரியில் தோற்றார் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கும் பதில் போடுகிறேன்.