மணம் அறியும் செல்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வாயுக்களைக் கண்டறிய மின்னணுக் கருவிகள் இருக்கும்போது, உயிருள்ள செல்களைக் கருவிக்குள் வைத்து மணத்தை அறிய முயல்வது ஏன்? செல் மணத்தை உணர்ந்துவிட்டது என்பது கருவிக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: 'மின்னணு மூக்கு' என்ற கருத்தை 1982-இல் கிருஷ்ண பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகிய இருவரும் முன்வைத்தார்கள். அதில் உள்ள உலோக ஆக்சைடு உணரிகள் உழைப்புக்கு அஞ்சாதவை. ஆனால் ஒவ்வொன்றும் பல வாயுக்களுக்கு ஒரே மாதிரி அசைந்து கொடுக்கும், காற்றின் ஈரப்பதம் மாறினாலும் அவற்றின் அளவீடு மாறும். உயிர்ச்செல்லின் மேலுறையில் அமர்ந்திருக்கும் மண ஏற்பி என்னும் புரதமோ, தன் மடிப்புக்குள் பொருந்தும் மூலக்கூறுகளுக்கு மட்டுமே இணங்கும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகியோர் 1991-இல் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் செயல்படும் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை, எலியிடம் 1000-க்கும் மேல்.

பாலூட்டியின் மூக்குச் செல்லில் மண மூலக்கூறு ஏற்பியைத் தொட்டதும், உள்ளே செய்தியைக் கடத்தும் ஜி-புரதம் தூண்டப்பட்டு, சுழல் ஏஎம்பி என்னும் தூதுப்பொருள் ஏராளமாக உருவாகி, மின்னூட்டம் கொண்ட அணுக்களை (அயனிகளை) உள்ளே விடும் அயனி வாயில்கள் திறந்து, சோடியமும் கால்சியமும் செல்லுக்குள் பாய்கின்றன. ஒரு சிறு தொடுகை, படிக்குப் படி பெருகி, அளக்கத்தக்க மின்மாற்றமாகிறது. இந்தப் பெருக்கத்துக்குக் கருவியில் தனியாக எதையும் அமைக்க வேண்டியதில்லை, செல்லே செய்துகொடுத்துவிடுகிறது என்பதுதான் இம்முறையின் உண்மையான வலிமை என்று நான் கருதுகிறேன். அதைப் படிக்க இரண்டு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன: செல்களை நுண்மின்முனைகள் பதித்த சில்லின் மேல் வளர்த்து மின்னழுத்த மாற்றத்தை அளப்பது ஒன்று, கால்சியம் சேர்ந்தால் ஒளிரும் புரதத்தைச் செல்லுக்குள் உண்டாக்கி, அந்த ஒளியைக் கேமராவால் பதிவது மற்றொன்று.

பழந்தமிழில் 'நாற்றம்' என்ற சொல் நறுமணத்தையும் குறித்தது. செல்லுக்கும் நல்ல மணம், கெட்ட மணம் என்ற வேறுபாடு கிடையாது. அந்தத் தீர்ப்பு மூளையினுடையது.

கேள்வி: அப்படியானால் விலங்குகளின் மூக்கிலிருந்து செல்களை எடுத்தே இதைச் செய்கிறார்களா?

பதில்: அப்படியும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூக்கின் நரம்புச் செல் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கும். எடுத்த செல்லில் இருப்பது ஆயிரத்தில் எந்த வகை என்பது முன்கூட்டித் தெரியாது, அதன் ஆயுளும் குறுகியது. ஆகவே வேண்டிய ஏற்பியின் மரபணுவை, ஆய்வகத்தில் எளிதாகப் பெருகும் வேறொரு செல்லுக்குள் புகுத்துவதே இப்போது விரும்பப்படும் வழி. பாலூட்டி ஏற்பிகளில் இதுவும் எளிதாக இருக்கவில்லை, ஏனெனில் அவை அந்நியச் செல்லுக்குள் உருவான பிறகு மேலுறைக்கு வந்து சேராமல் உள்ளேயே தங்கிவிட்டன. அவற்றை மேலுறைக்குக் கொண்டுசேர்க்கும் துணைப் புரதங்கள் 2004-இல் அறியப்பட்டபின்தான் நிலைமை மாறியது.

பூச்சிகளின் ஏற்பிகள் இந்த வேலைக்கு மிகவும் தோதானவை. அவை 'ஆர்கோ' என்னும் துணை ஏற்பியுடன் இணைந்து தாமே அயனி வாயிலாகச் செயல்படுகின்றன என்று 2008-இல் தெரியவந்தது. இடையில் நீண்ட தொடர்வினை தேவையில்லை. பூச்சிச் செல்கள் 27 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நன்றாக வளர்கின்றன. பாலூட்டிச் செல்களுக்கோ 37 டிகிரியும், கரியமில வாயு கலந்த காற்றும் வேண்டும். களத்துக்கு எடுத்துச்செல்லும் கருவிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. பட்டுப்பூச்சியின் ஆண் இனம், பெண் வெளியிடும் பாம்பிகால் என்னும் மணப்பொருளை ஒருசில மூலக்கூறுகள் என்ற அளவிலேயே உணரக்கூடியது. அத்தகைய பூச்சி ஏற்பிகளைத் தவளையின் முட்டைச் செல்லில் அமைத்து, அச்செல்லையே உணரியாக ஒரு பொம்மைத் தலையில் பொருத்தி, 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இயக்கிக் காட்டினார்கள்.

கேள்வி: இவ்வளவு திறன் இருந்தும் இது ஏன் இன்னும் பரவலாகவில்லை?

பதில்: செல்லை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதே முதல் தடை. அதற்கு ஊட்டமும், கிருமியற்ற திரவமும், சீரான வெப்பமும் வேண்டும். மணமோ காற்றில் வருகிறது. நீரில் கரையத் தயங்கும் மூலக்கூறுகளை அந்த மெல்லிய திரவப் படலத்தைக் கடந்து செல்லிடம் சேர்ப்பது தனிக் கலை. நம் மூக்கில் சளிப்படலமும், பூச்சியின் உணர்கொம்பில் மணமூலக்கூறைச் சுமந்துசெல்லும் புரதங்களும் இதைச் செய்கின்றன.

இன்னொன்று, பழகிப்போதல். ஒரு மணத்தில் நீடித்திருக்கும் பாலூட்டிச் செல், உள்ளே சேரும் கால்சியத்தாலேயே தன் உணர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. ஆகையால் ஒவ்வோர் அளவீட்டுக்குப் பின்னும் தூய திரவத்தைச் செலுத்திக் கழுவி, செல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருந்து, அதன்பிறகே அடுத்த மணத்தை அதனிடம் கொடுக்க வேண்டும்.